நாற்பத்தைந்து சொற்கள்

வெள்ளிக்கிழமைக்குள் கலைச்சொல் பட்டியல் வேண்டும் என்றார்
ஒருங்கிணைப்பாளர்.
நாற்பத்தாறு சொல். சொல்லுக்கு இரண்டு வரி விளக்கம்.
பல்கலைக்கழகம் அச்சிடும். பச்சை அட்டை.

முதல் சொல்: விரிவாக்கம்.
மூன்று வருஷம் முன்பு, ஆடியில்,
பாமணியாற்றுக் கடைமடையில் நல்லிமங்கலத்துக்கு முதன்முதலாகப் போய்
விரிவாக்கத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னேன்.
பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலைதூக்காமல் கேட்டார்:
"எங்க பக்கம் எத்தனை அடி எடுப்பீங்க?"
சாலை ஓரம் முழுக்கக் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள் அப்போது.
பையில் டேப் இல்லை, உயிர் உரப் பொட்டலம்தான் என்று
திறந்து காட்டிய பிறகே
பெஞ்சில் இடம் விட்டார்கள்.
அதை எழுத முடியுமா?
"ஆய்வக அறிவை வயலுக்குக் கொண்டு சேர்த்தல்"
என்று எழுதினேன்.

பங்கேற்பு சுலபம்.
வருகைப் பதிவேட்டில் முப்பத்திரண்டு கையெழுத்து.
நான்கு அண்ணன் தம்பிகளுக்கு ஒரே ஆள் போட்டது,
ஒவ்வொன்றுக்கும் பேனாவை வேறுவேறு விதமாகப் பிடித்து.

பின்னூட்டம் தாருங்கள் என்றேன் கூட்ட முடிவில்.
"மேலுரத்துக்கு முன்னாடியா, அப்புறமா?"
என்றார் வீராச்சாமி.
கேலி இல்லை. நோட்டில் தேதி போட
பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

ஏற்பு என்ற சொல்லில் அரைநாள் நின்றேன்.
வரிசை நடவுக்கென்று மஞ்சள் நைலான் கயிறு கொடுத்தோம்,
இருபத்திரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு.
அடுத்த பருவம் போய்ப் பார்த்தால்
பத்து வீட்டுக் கொல்லையில் துணி காய்கிறது.
முடிச்சுக்கு முடிச்சு பள்ளிக்கூடச் சட்டை,
காற்றடித்தாலும் நகர்வதில்லையாம்.
பரவல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம்
பாடப் புத்தகத்தில் நான் படித்ததில்லை.
அறிக்கையில் போட்டோம்:
கயிறு வழங்கல், நூறு சதவீதம்.

முப்பத்தோராவது சொல்: விவசாயி.

செயல்விளக்கத் திடல் என்று நாங்கள் பலகை நட்ட இடம்
திடலே இல்லை, பள்ளம்.
ஐப்பசி மழையில் மூன்று தரம் முங்கி எழுந்தது.
மூன்று தரமும் வடிகாலை வெட்டிவிட்டவள் தையல்நாயகி.
ஏழு மா, வாய்க் குத்தகை.
தூர்க்கட்டிய பயிரில் கிளை எண்ணிச் சொன்னவள் அவள்,
புகையான் ஏறியதை எங்களுக்கு முந்திப் பார்த்தவளும் அவள்தான்.
பலகையில் "விவசாயி பெயர்" என்ற இடத்தில்
ரெங்கபாஷ்யம் என்று இருக்கிறது.
சிட்டா அவர் பேரில். அவர் இருப்பது நங்கநல்லூரில்.
தையல்நாயகி தினமும் தூக்குவாளியை
அந்தப் பலகையில்தான் மாட்டுகிறாள்.
எறும்பு ஏறாது என்கிறாள்.

விதிப்படி விளக்கம் எழுதினால் அவள் இல்லை.
அவளை வைத்து எழுதினால்
மானியம் இல்லை, காப்பீடு இல்லை,
என் பட்டியலுக்கு ஒப்புதலும் இல்லை.
நான்கு தடவை அடித்தேன்.
ஐந்தாவது தடவை வரியையே எடுத்துவிட்டேன்.

ஒருங்கிணைப்பாளர் எண்ணிப் பார்த்தார்.
"ஒண்ணு குறையுதே?"
விவசாயியை விட்டுவிட்டேன் சார்.
யோசித்தார்.
"பரவாயில்ல. அது எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதானே."

பச்சை அட்டை வந்ததும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன்.
புரட்டினாள். சென்றடைதல் என்ற பக்கத்தில் நின்று
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்:
"கடைமடைக்குத் தண்ணி வந்தா பேப்பர்ல போடுறாங்க.
நீங்க வந்தா யாரு போடுறது?"

போன வாரம் பார்த்தேன்,
மோட்டார் கொட்டகை ஆணியில் தொங்குகிறது புத்தகம்.
பின்னட்டையின் வெற்றிடத்தில் பால்பாயிண்ட் பேனாவில்
அவள் கையெழுத்து:
செவ்வாய் ராத்திரி ரெண்டு மணி, நம்ம முறை.
டார்ச்சுக்குக் கட்டை வாங்கணும்.